ஸ்டாட்டின் நீங்கலாக: ஊவா மலைநாட்டுக்கு ஒரு சிற்றாய்வு

பதுளை மாவட்டத்தின் தலையெழுத்தில் இரண்டு பங்கசுகளுக்குப் பங்குண்டு. முதலாவது, 1869இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பிச் செடிகளின் இலைக்கு அடியில் செம்மஞ்சள் தூளாகத் தலைகாட்டியது. பங்கசு ஆராய்ச்சியில் பேர்போன பெர்க்லி என்ற ஆங்கிலப் பாதிரியார் அதற்கு ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயர் வைத்தார். பெயர் வைத்ததைத் தாண்டி அதை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டு தசாப்தங்களுக்குள் கோப்பி ஒழிந்து மலையெல்லாம் தேயிலை ஏறியது. இரண்டாவது பங்கசு, ஜப்பானின் கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் அகப்பட்டது. டோக்கியோவில் சங்கியோ மருந்துக் கம்பனியில் வேலைபார்த்த அகிரா எண்டோ, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பங்கசு வகைகளைச் சலித்தபின், உடல் கொலஸ்ட்ரோல் உற்பத்தி செய்வதைத் தடுக்கும் பொருளொன்றை 1973இல் அதிலிருந்து பிரித்தெடுத்தார். ஸ்டாட்டின் குலத்துக்கு அதுவே மூதாதை. அக்குலத்தில் முதலில் விற்பனைக்கு வந்த லோவாஸ்டாட்டினுக்கு அமெரிக்கா 1987இல் அனுமதி கொடுத்தது.

முதற் பங்கசின் விளைவை ஊவா மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூடையில் சுமக்கிறார்கள். இரண்டாவதின் விளைவை வாயில் போட மறுக்கிறார்கள். மறுப்போருக்கு வேறு என்ன வழி உண்டு என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்று ஒழுங்கு கருதி ஒரு குறிப்பு. வடிகட்டாமல் கொதிக்கவைத்த கோப்பியில் காஃபெஸ்டோல் என்ற எண்ணெய்ப்பொருள் உண்டு. கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்.டி.எல்.லை அது கூட்டும். கோப்பிக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் உள்ள உறவை நோர்வேயின் துரோம்சோ நகர ஆய்வு 1983இல் வெளியிட்டது. ஆகவே ஊவாவின் முதலாவது ஸ்டாட்டின் அல்லாத சிகிச்சையைச் செய்தது கோப்பியை அழித்த மடுல்சீமைப் பங்கசே என்று ஒருவர் வாதிடலாம். மறுப்பவர், தேத்தண்ணியோடு கூட வந்த சீனியையும் கணக்கில் எடுக்கச் சொல்வார். இருவரையும் வாதாட விட்டுவிட்டு மேலே செல்வோம்.

ஸ்டாட்டினுக்கு எதிரான தோட்டத்து வாதம் ஒன்றே ஒன்றுதான்: காலு உளையுது. இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஸ்டாட்டின் சிலருக்குத் தசைநோவு தருவது உண்மை. மிக அரிதாகத் தசையே சிதைந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். செரிவாஸ்டாட்டின் என்ற மாத்திரை அந்தக் குற்றத்துக்காக 2001இல் உலகச் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டது. ஆனால் ஆய்வுமுறை என்று ஒன்று இருக்கிறது. மருந்தால்தான் கால் உளைகிறதா என்று அறிய வேண்டுமானால், மருந்து போடாத, கால் உளையாத ஆட்கள் சிலர் ஒப்பீட்டுக்கு வேண்டும். பசறையிலிருந்து நமுனுகுலை வரை தேடினாலும் அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது கடினம். அகிரா எண்டோ பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த மலைகளில் கால் உளையத் தொடங்கிவிட்டது.

இச்சிக்கலை லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் தீர்த்த விதம் பார்க்கத்தக்கது. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியவர்களில் 60 பேரைச் சேர்த்தார்கள். ஆளுக்கு 12 போத்தல், மாதத்துக்கு ஒன்று. நான்கில் அட்டோர்வாஸ்டாட்டின், நான்கில் மருந்தில்லாத போலி மாத்திரை, மீதி நான்கும் வெறும் போத்தல். உபாதைக்குத் தினமும் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடச் சொன்னார்கள். முடிவு 2020இல் வெளியானது. வெறும் போத்தல் மாதங்களில் சராசரி 8 புள்ளி, போலி மாத்திரை மாதங்களில் 15.4, உண்மை மாத்திரை மாதங்களில் 16.3. அதாவது மாத்திரை கூட்டிய உபாதையில் பத்தில் ஒன்பது பங்கைப் போலி மாத்திரையும் கொடுத்துவிட்டது. உளைவு பொய்யல்ல, பழிதான் தவறான இடத்தில் விழுந்திருந்தது. தங்கள் புள்ளிகளைப் பார்த்தபின் 60 பேரில் பாதிப்பேர் மறுபடி ஸ்டாட்டினைத் தொடங்கினார்கள். இதே ஆய்வை லுணுகலையில் செய்திருந்தால் வெறும் போத்தலுக்கும் 15 புள்ளி விழுந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இனி வகைப்பாடு. வழிகாட்டி நூல்கள் ஸ்டாட்டின் அல்லாதவற்றை எசெட்டிமைபில் தொடங்கி ஊசிகளில் முடிக்கும். அவற்றில் விடுபட்ட வகை ஒன்று உண்டு. தோட்டங்களில் அதிகம் கையாளப்படுவது அதுவே என்று நினைக்கிறேன். மாத்திரையை ஒழுங்காக வாங்கி, ஒழுங்காகப் போடாமல் வைத்திருத்தல். இதைச் சுழிய வகை என்போம்.

சுழிய வகைக்கு எடுத்துக்காட்டு ஒன்று. ஆள், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. இடம், கிளினிக்.

“ஐயா, மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?”

“போடுறேனுங்க டொக்டர்.”

“ராத்திரியிலதானே?”

“ராத்திரியிலதாங்க.”

“அப்ப ஏன் கொலஸ்ட்ரோல் இறங்கல்ல?”

“அதத்தாங்க நானும் யோசிக்கிறேன்.”

டொக்டரும் யோசித்தார். 10 மில்லிகிராம் 20 ஆனது. அடுத்த தடவை 20, 40 ஆனது. வீட்டில் அலுமாரிக்கு மேலே ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் மாதவாரியாக மடித்த மருந்துப் பைகள். மூலையில் ‘இரவு 1’ என்று நீலப் பேனையால் எழுதியிருக்கிறது. வாய் மடித்தது மடித்தபடி, ஒன்றும் பிரிபடவில்லை. ஆள் கணக்கப்பிள்ளையல்லவா, திகதி ஒழுங்கு பிசகவில்லை. மருமகள் டின்னை இறக்கிப் பார்த்து, “என்னா மாமா இது, இவ்வளவு சேர்ந்திருக்கு?” என்று கேட்டாள். “அது காலு உளையிற மாத்திரை புள்ள. கவர்மெண்டு சாமான், வீணாக்கக் கூடாதுன்னு வச்சிருக்கேன்” என்றார் மாமா.

சுழிய வகையின் மருந்தியல் தெளிவானது. எல்.டி.எல். அப்படியே இருக்கிறது, கால் உளைவும் அப்படியே இருக்கிறது, அளவு மட்டும் இரட்டிக்கிறது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஸ்டாட்டின் அளவை இரட்டித்தால், உண்மையாக விழுங்குகிறவருக்கே எல்.டி.எல். மேலதிகமாகச் சுமார் 6 சதவீதம்தான் குறையும். டின்னில் போடுகிறவருக்கு அதுவும் இல்லை.

சுழிய வகைக்குக் கிளை வகை, மூன்று நாள் சிகிச்சை. இரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாளிருக்கும்போது தொடங்கும். கருவாடு நிற்கும், தேங்காய்ச் சம்பல் நிற்கும், கசிப்பு அநேகமாக நிற்கும். முருங்கைக்கீரையும் குரக்கன் ரொட்டியும் வரும். இரத்தம் கொடுத்து வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வடையோடு சிகிச்சை பூர்த்தியாகும். மூன்று நாளில் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு சற்று ஏமாறும். எல்.டி.எல். அவ்வளவு சீக்கிரம் ஏமாறாது.

கடைத்தெரு வகையை விரைவாகக் கடப்போம். பூண்டும் வெந்தயமும் செய்வது மிகச் சொற்பம், கெடுதல் இல்லை. இசப்கோல் உமியைத் தினமும் எடுத்தால் 5 முதல் 10 சதவீதம் குறையும். மலிவான சாமான், ஆனால் மலச்சிக்கலுக்கு விற்கப்படுவதால் மரியாதை இல்லை. பச்சைத் தேயிலை எல்.டி.எல்.லைச் சில மில்லிகிராம் இறக்கும். அதைப் பறிக்கிறவர் வீட்டில் கொதிப்பது டஸ்ட், அதில் விழுவது மூன்று கரண்டி சீனி. பிறகு ‘இயற்கை’ என்று எழுதிய குப்பிகள். சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று ஒரு சரக்கு உண்டு. நாம் சாப்பிடும் நாட்டுச் சிவப்பரிசிச் சோற்றுக்கும் அதற்கும் உறவில்லை. அது பங்கசு ஏற்றிப் புளிக்கவைத்த அரிசி. அதிலுள்ள மொனகோலின் கே என்ற சத்து, வேதியியல்படி அச்சொட்டாக லோவாஸ்டாட்டின். ஸ்டாட்டினை வெறுத்து அதை வாங்குகிறவர், இலவசமாகக் கிடைக்கும் சரக்கின் அண்ணனை, அளவு தெரியாமல், காசு கொடுத்து விழுங்குகிறார்.

முறையான மருந்துகளுக்கு வருவோம். தலையாயது எசெட்டிமைப். 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 10 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, காலையோ மாலையோ, சாப்பிட்டோ சாப்பிடாமலோ. கொலஸ்ட்ரோலை உள்ளே எடுக்கும் புரதமொன்று சிறுகுடல் சுவரில் இருக்கிறது. எசெட்டிமைப் அதை அடைத்துவிடும். எல்.டி.எல். ஐந்தில் ஒரு பங்களவு இறங்கும். “நாங்க மாட்டிறைச்சி தொடுறதில்ல, செவ்வா வெள்ளி மீனும் இல்ல, எங்க குடல்ல ஏது கொலஸ்ட்ரோல்?” என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. குடலுக்கு வரும் கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதல்ல, ஈரல் பித்தநீரோடு அனுப்புவது. விரதகாரருக்கும் ஈரல் இருக்கிறது.

எசெட்டிமைப் இதயத்தைக் காக்குமா என்று 18,144 பேரில் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாரும் மாரடைப்போ அதையொத்த நெஞ்சுவலியோ வந்து ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள். ஸ்டாட்டின் மட்டும் எடுத்தவர்களில் ஏழு வருடக் கணக்கில் 34.7 சதவீதத்தினருக்கு மாரடைப்பு, பாரிசவாதம் முதலிய விபரீதம் நேர்ந்தது. எசெட்டிமைபும் சேர்த்து எடுத்தவர்களில் 32.7. நூற்றுக்கு இரண்டு பேர் தப்பினார்கள். அந்த இரண்டு பேர் யாரென்று முன்கூட்டித் தெரியாததால் நூறு பேரும் விழுங்கவேண்டியிருக்கிறது. மருத்துவத்தில் இதற்கு மேல் இரகசியம் ஒன்றும் இல்லை.

கொலெஸ்டிரமின் இவற்றுள் பழையவற்றில் ஒன்று. தண்ணீரில் கரையாத, ஆனால் தண்ணீரில் கலந்து குடிக்கவேண்டிய தூள். பித்தநீரைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றும். ஈரல் புதிதாகப் பித்தம் செய்ய இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ரோலை இழுக்கும். இரத்தத்தில் கலக்காத மருந்து என்பதால் கர்ப்பிணிகளுக்கும் எழுதுவதுண்டு. வயிறு கட்டும். மற்ற மாத்திரைகளையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் அவற்றை ஒரு மணித்தியாலம் முன்னரோ நாலைந்து மணித்தியாலம் பின்னரோ போடவேண்டும். மலைக்குப் போகும் பெண்ணின் நேர அட்டவணையில் அப்படி ஓர் இடைவெளி இல்லை.

நியாசின் என்பது பி3 விற்றமின். பெரிய அளவில் கொடுத்தால் கொலஸ்ட்ரோல் குறைவதாக 1955இல் கனடாவில் கண்டார்கள். முகம் சிவந்து எரியும். 25,673 பேரில் நடந்த ஆய்வு 2014இல் வெளியானபோது, ஸ்டாட்டினோடு நியாசினைச் சேர்ப்பதில் பலன் இல்லை, உபத்திரவம் உண்டு என்றாகிவிட்டது. ஃபைப்ரேட்டுகள் முக்கியமாக ட்ரைகிளிசரைட்டுக்கானவை. அவற்றின் முன்னோடியான குளோஃபைப்ரேட்டை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சோதித்தது. 1978இல் தெரிந்தது: கொலஸ்ட்ரோல் இறங்கியது, மரணம் ஏறியது. இலக்கத்தை இறக்கினால் போதும் என்போர் அந்த ஆண்டை நினைவில் வைக்க.

இனிப் பெம்பெடோயிக் அமிலம். 2020இல் அமெரிக்காவில் அனுமதி. தோட்டத்து வாதத்தைக் கேட்டுவிட்டே செய்ததுபோன்ற மருந்து. ஈரலிலுள்ள ஒரு நொதியம் தொட்டால்தான் இது வேலை செய்யும். அந்த நொதியம் தசையில் இல்லை, ஆகவே காலுக்குப் போனாலும் இதற்குக் காலில் வேலை இல்லை. ஸ்டாட்டின் ஏற்காத 13,970 பேரில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. விபரீதங்கள் 13 சதவீதம் குறைந்தன. ஆனால் யூரிக் அமிலம் கூடும், சிலருக்குக் கவுட் என்ற மூட்டுநோய் வரும். கவுட் விரும்பித் தாக்கும் இடம் கால் பெருவிரல். கெண்டைக்காலைக் காப்பாற்றப் போய்ப் பெருவிரலில் அகப்படுவதும் உண்டென்று கொள்க.

இந்த மருந்து ஈரலில் அடைப்பது ஏ.டி.பி. சிட்ரேட் லையேஸ் என்ற வேறொரு நொதியத்தை. அதே நொதியத்தை ஆய்வுகூடத்தில் அடைக்கும் ஹைட்ரொக்ஸிசிட்ரிக் அமிலம் எதில் இருக்கிறது என்றால், மீன் கறிக்குப் போடும் கொறக்காப் புளியில். 1960களின் கடைசியிலேயே கண்டது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஏனென்றால் இதை வைத்து நாளைக்கே ஒரு குப்பி வரும். ஆகவே உடனே சொல்லிவிடுகிறேன்: கொறக்காச் சாற்றை உடல் மெலிய 135 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், 1998இல் முடிவு வந்தது, போலி மாத்திரைக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. இந்தச் சாற்றுக் குளிசைகளால் ஈரல் கெட்டவர்களும் உண்டு. கொறக்கா கறிச்சட்டியோடு நிற்கட்டும்.

கடைசியாக ஊசிகள். இவற்றை விளக்கத் தோட்டத்து நிர்வாகத்தை விடப் பொருத்தமான ஒப்புமை இல்லை. ஈரல் உயிரணுவின் மேல் எல்.டி.எல்.லைப் பறித்து உள்ளே கொண்டுபோகும் வாங்கிகள் உள்ளன. அவர்கள் கொழுந்துக்காரர்கள். கூடையைக் கொட்டிவிட்டு மறுபடி மலைக்கு வருவார்கள். பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் ஒரு கங்காணி. பறித்துக்கொண்டிருப்பவரின் பேரைச் செக்ரோலில் வெட்டுவதே அதன் வேலை. பேர் வெட்டப்பட்டவர் திரும்பி வருவதில்லை. இரத்தத்தில் எல்.டி.எல். பறிப்பாரின்றி முற்றும். 2015இல் வந்த எவொலோகுமாப், அலிரோகுமாப் ஊசிகள் இந்தக் கங்காணியை வழியிலேயே மடக்கிப் பிடிக்கின்றன. எல்.டி.எல். அறுபது சதவீதமளவு இறங்கும். இன்கிளிசிரான் இன்னும் ஒரு படி மேல். கங்காணியின் நியமனக் கடிதத்தையே ஒப்பீஸில் வைத்துக் கிழித்துவிடும். தொடக்க ஊசிகளுக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு ஊசி போதும். ஊவாவில் கங்காணியை இவ்வளவு சுலபமாக நீக்கியதாக வேறு பதிவு இல்லை.

விலை பார்ப்போம். எவொலோகுமாப் அமெரிக்காவில் முதலில் வருடத்துக்கு 14,000 டொலருக்கு மேல் விற்றது. விலை கூடிப்போச்சு என்ற கூச்சல் எழுந்தபின் 2018இல் 5,850 டொலராக இறக்கினார்கள். டொலருக்கு 300 ரூபா என்று வட்டமாக வைத்தால் 17 இலட்சத்து 55 ஆயிரம் ரூபா. 2024 வர்த்தமானியில் தோட்டத் தொழிலாளருக்கு விதித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. வகுத்தால் மிச்சமின்றிச் சரியாக 1,300 பேர், அதாவது 1,300 நாட்சம்பளம். ஒரு வருட ஊசிக்கு, ஞாயிறும் போயாவும் கழித்து, நான்கு வருடத்துக்கு மேல் கொழுந்து. ஊசியைக் குளிரூட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் வைக்கவும் வேண்டும். அப்புத்தளை இரவுக் குளிர் அதற்குப் பதிலாகாது.

இந்த இடத்தில் பேராசிரியர் சேனக பிபிலேயை நினைக்காமல் போக முடியாது. பதுளையிலிருந்து லுணுகலையைத் தாண்டிப் போனால் பிபிலை வரும். அந்த ஊரைப் பெயரிலேயே சுமந்தவர். மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து அவர் கொடுத்த அறிக்கையின் வழியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. கம்பனிப் பெயர்களை ஒதுக்கி, மருந்தின் சொந்தப் பெயரில், நாடு முழுவதற்கும் மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்குவது என்பது அவர் கொள்கை. உலகம் அதைப் படித்தது. 1977இல் கயானாவில் வேலையாகப் போன இடத்தில் இறந்தார். அரச கிளினிக்கில் அட்டோர்வாஸ்டாட்டின் கம்பனிப் பெயர் இல்லாமல், காசு இல்லாமல், மருந்துப் பையில் கிடைப்பதற்குப் பின்னால் அந்தக் கொள்கையின் பலம் இருக்கிறது. அதை எதிர்த்துப் பெருங்கம்பனிகள் போராடின. பிஸ்கட் டின் ஒரு நாளும் போராடவில்லை, ஆனாலும் வென்றுவிட்டது. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதுதான், வெளியில் வாங்கத் துண்டு எழுதிக் கொடுக்கிறார்களே என்று டின்காரர்களும் கவலைப்பட்டார்கள்.

ஆய்வின் முடிவு சுருக்கமானது. ஸ்டாட்டின் அல்லாத மருந்து உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள் உண்டு. பிறப்பிலேயே எல்.டி.எல். ஏறிய குடும்பங்கள் உண்டு. முந்நூறு பேருக்கு ஒருவரளவில் இது இருக்கும், கண்ணிமை ஓரத்தில் மஞ்சள் படை சிலருக்கு அடையாளம். முழு அளவு விழுங்கியும் இறங்காதவர், இரத்தப் பரிசோதனையில் தசைச் சிதைவு தெரிந்தவர், கர்ப்பிணி, இவர்களும் அவ்வகையினர். அவர்களுக்கு எழுதவேண்டிய மருந்தை டொக்டர் சரியாக எழுத வேண்டுமானால், யார் விழுங்கினார், யார் டின்னில் போட்டார் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே, அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு அந்த டின்னையும் கொண்டுபோங்கள். மேசையில் வைத்து, “போடல்லீங்க டொக்டர், காலு உளையுது” என்று சொல்லுங்கள். அவர் இரண்டு நிமிடம் ஏசுவார். ஏசி முடிந்ததும் அளவைக் குறைத்துத் தரலாமா, ஒன்றுவிட்டு ஒருநாள் போடலாமா, வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாமா, பாதி அளவோடு எசெட்டிமைப் சேர்க்கலாமா என்று கேளுங்கள். டின்னில் சேர்ந்த 40 மில்லிகிராமைத் திடீரென்று நீங்களாக விழுங்கத் தொடங்க வேண்டாம். மாத்திரை போடும் காலத்தில் சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போனால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.